அண்ணி பக்கத்துக் கண்ணாடி

என் அண்ணனுக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி என் அண்ணி. இன்னொருத்தி நான்கு சக்கரத்தோடு வாசலில் நிற்பவள். அந்த இரண்டாமவளுக்கு வெயில் படாமல் சாம்பல் நிறப் போர்வை உண்டு, வாரம் தவறாமல் குளியல் உண்டு, குளித்த பிறகு மெழுகுப் பூச்சும் உண்டு. அண்ணிக்கு என்ன உண்டு என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணனை அவன் என்றும் அண்ணியை அவர் என்றும் எழுதப் போகிறேன். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அண்ணியை எங்கள் குடும்பத்தில் வாயில்லாப்பூச்சி என்பார்கள். அதைப் பாராட்டாக வேறு சொல்வார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை வாயாடி என்பார்கள். அது திட்டு. அண்ணி என்னைக் கூப்பிடுவது "நாத்தனாரே" என்று. அதில் மட்டும் கொஞ்சம் கிண்டல் இருக்கும். அவர் பேச்சில் வரும் கிண்டல் அவ்வளவுதான்.

அவருடைய வேலை கார் சீட்டுக்கு உறை தைப்பது. சமையலறையை ஒட்டிய அறையில் ஒரு கனத்த தையல் மிஷின், அதைச் சுற்றிச் சுருள் சுருளாக ரெக்ஸின். கார் சாமான் கடைக்காரர் கழற்றிய பழைய உறைகளைக் கொண்டுவந்து போடுவார். அண்ணி ஒவ்வொன்றையும் பிரித்து, அளவு எடுத்து, வெட்டி, புதிதாகத் தைத்துக் கொடுப்பார். கதவின் உட்பக்க அட்டைக்கும் துணி ஒட்டித் தருவார். இந்த ஊரில் ஓடுகிற கார்களில் பாதி அண்ணி கொடுத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு ஓடுகின்றன. அவ்வளவு காருக்கும் உடுப்பு தைத்தவருக்குச் சொந்தக் காரில் மூச்சு விட வழியில்லை.

அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அவன் பொறுப்பில் இருக்கும் ஆணி துருப்பிடித்தாலும் பிடிக்கும், யார் கைக்கும் சுலபமாகப் போகாது. வீட்டிலும் அதே கதைதான். டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை. சோபா வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் இன்னும் சோபா மேல் இருக்கிறது, உட்கார்ந்தால் தொடை ஒட்டும். அவனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதில் கறுப்பு டேப் ஒட்டினாலும் முனையை உள்பக்கமாக மடித்து ஒரு சின்ன வால் விடுவான். அடுத்த முறை பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாமாம். அந்த வீட்டில் ஃபேன் வயருக்கு வால், மிக்சி வயருக்கு வால், தண்ணீர்க் குழாய்க்கு வால். அதை நாங்கள் அவன் கையெழுத்து என்று சொல்லிச் சிரிப்போம்.

அண்ணிக்கு மூடிய வண்டி ஒத்துக்கொள்ளாது. முகத்தில் காற்று பட்டால் எத்தனை தூரமும் போவார், பட்டாணி கொறித்துக்கொண்டே போவார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும், வயிற்றைப் புரட்டும், தலை சுற்றும், வாந்திதான். பின்சீட்டில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். காரை வாங்கிய புதிதில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போய்வந்தார்கள். வாங்கும்போதே அது பழைய வண்டி. ஒரு நாள் அவனுக்கு ஏசி போட ஆசை வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டான். பாதி வழியில் அண்ணி அவசரமாகக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். வாந்தி கதவோடு வழிந்தது. அண்ணன் ஓரமாக நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் எடுத்துக் கதவைக் கழுவினான். அண்ணி வாய் கொப்பளிக்க ஒரு மடக்கு மிச்சம் வைக்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில் அண்ணி பக்கத்துக் கண்ணாடி இறங்காமல் நின்றது. அவனே எங்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கிக் காட்டினான்.

"பாத்தீங்களா? சத்தமே இல்ல. மோட்டார் எரிஞ்சு போச்சு. பழைய வண்டி, பார்ட்ஸ் கிடைக்காது."

"அப்ப நான் பின்னாடி உக்காந்துக்கறேங்க, பின்னாடி கண்ணாடி இறங்குதுல்ல" என்றார் அண்ணி.

"நீ பின்னாடி உக்காந்தா பாக்கறவன் என்ன நினைப்பான்? நான் என்ன உனக்கு டிரைவரா?"

"பஸ்ல வரேன்."

"வீட்ல வண்டிய வச்சிக்கிட்டு பஸ்லயா? ஊர் சிரிக்கும்."

ஊர் சிரிக்காமல் இருக்க அண்ணி வீட்டோடு இருந்துவிட்டார். கல்யாணம், காட்சி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் அண்ணன் மட்டும் போய், "அவளுக்குப் பிரயாணம் ஒத்துக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வருவான். பாவம், நல்ல மனுஷன், பெண்டாட்டியைத் தொந்தரவு செய்வதில்லை என்று அவனுக்கு நல்ல பெயர் வேறு.

அண்ணியின் அம்மா இறந்த அன்றைக்கு மட்டும் அவர் அந்தக் காரில் ஏறினார். நானும் கூடப் போனேன். நல்ல வெயில். ஏசி வீணாகும் என்று மற்றக் கண்ணாடிகளையும் அவன் இறக்கவிடவில்லை; மூடிய வண்டி, மடியில் பிளாஸ்டிக் பை. போய்ச் சேர்ந்தபோது அவரை இரண்டு பேர் தாங்கி இறக்க வேண்டியிருந்தது. உள்ளே ஓர் அறையில் பாயை விரித்துப் படுக்க வைத்தார்கள். தலையைத் தூக்கினால் மறுபடி குமட்டல். வெளியே தூக்கும்போது எழுந்த அழுகைச் சத்தம் கேட்டு அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தார். அதற்குள் தெரு காலி. பெற்ற அம்மாவின் முகத்தை அவர் கடைசியாகப் பார்க்கவில்லை.



இப்போது அண்ணியின் மகளுக்கு நிறைமாதம். அவள் மலைமேல் உள்ள ஊரில் புருஷனோடு இருக்கிறாள், இங்கிருந்து அரை நாள் பயணம். தினமும் போன் செய்வாள். "நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா. கையப் புடிச்சிக்கிட்டு பக்கத்துல இருந்தா போதும்" என்பாள். அண்ணி "வரேன்டா, வரேன்டா" என்பார். போனை வைத்த பிறகு மிஷினில் நூல் கோக்க அவருக்கு வெகுநேரம் ஆகும்.

நான் அங்கே தங்கியிருந்த ஒரு மாலை, அண்ணன் முடிவை அறிவித்தான்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். இவ வந்தா இவளப் பாத்துக்கவே தனியா ஒரு நர்ஸ் வேணும்."

"கண்ணாடிய ரிப்பேர் பண்ணேன்!" என்றேன்.

"பார்ட்ஸ் கிடைக்காதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"எந்தக் கடையில போய்க் கேட்ட? கடை பேரச் சொல்லு."

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ரிமோட்டைப் பிடுங்கி எறியலாமா என்று எனக்கு வந்தது.

மறுநாள் அவன் கம்பெனி பஸ் ஏறிப் போனதும், அண்ணி ரெக்ஸினை மடித்து ஓரமாக வைத்தார்.

"நாத்தனாரே, அந்தக் கதவ நானே கழட்டிப் பாக்கட்டுமா?"

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"கதவு அட்டை எத்தன தைச்சிருக்கேன்! கிளிப்பு எங்கெங்க இருக்கும்னு கை சொல்லும். எரிஞ்ச மோட்டார எடுத்துக் குடுத்தா, பழைய வண்டி உடைக்கிற இடத்துல அதே மாதிரி தேடித் தரேன்னு கடைக்காரர் சொன்னார்."

ஆக, யாருக்கும் தெரியாமல் கடைக்காரரிடம் கேட்டும் வைத்திருக்கிறார். வாயில்லாப்பூச்சிக்குக் கால் இருந்திருக்கிறது.

அண்ணன் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சாவியை அண்ணி தேடவே இல்லை, நேராகப் போய் எடுத்து வந்தார். காரின் போர்வையை விலக்கினோம். கைப்பிடிக்குள் மறைந்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினார். ஒரு தட்டையான தகட்டைக் கதவுக்கும் அட்டைக்கும் நடுவில் நுழைத்து நெம்ப, கிளிப்புகள் டக், டக்கென்று ஒவ்வொன்றாக விட்டன. அட்டையை மேல்பக்கமாகத் தூக்கி எடுத்தார். உள்ளே மழைத்தண்ணீர் அட்டையை நனைக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாளில், மோட்டார் இருக்கும் இடத்துக்கு நேராக, யாரோ பிளேடால் கீறித் திருப்பி ஒட்டியிருந்தார்கள். கறுப்பு டேப்.

டேப்பின் முனையில் வால்.

அண்ணி அந்த வாலைப் பிடித்து இழுத்தார். சுலபமாக வந்தது. உள்ளே கையை விட்டார். மோட்டாருக்குப் போகிற வயரின் பிளக் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தூசி போகாமல் அதற்கு ஒரு பாலிதீன் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, அதற்கும் ஒரு வால். எவ்வளவு அக்கறை! பெண்டாட்டி மடியில் பிளாஸ்டிக் பை, பிளக்குக்கும் பிளாஸ்டிக் பை.

அண்ணி பிளக்கைச் சொருகினார். சாவியைத் திருப்பி நான் பொத்தானை அமுக்கினேன். உர்ரென்று மோட்டார் உறுமியது.

"எரிஞ்சு போச்சாம்! எரிஞ்சு போச்சாம்!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

மோட்டார் உறுமியதே தவிர கண்ணாடி அசையவில்லை. இத்தனை வருடம் ஒரே இடத்தில் நின்றதில் இரண்டு பக்கத்து ரப்பரும் அதைக் கவ்விக்கொண்டிருந்தன. நான் தையல் மிஷின் எண்ணெயை எடுத்துவர ஓடினேன். "எண்ணெய் வேணாம், ரப்பரத் தின்னுடும்" என்றார் அண்ணி. ஈரத்துணியைத் தகட்டில் சுற்றி ரப்பர் இடுக்கில் இருந்த கறுப்பு அழுக்கை வழித்து எடுத்தார். பிறகு குளியல் சோப்பின் தேய்ந்த துண்டு ஒன்றை அந்த இடுக்கில் மேலிருந்து கீழ்வரை தேய்த்தார். கண்ணாடியின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை அழுத்தி வைத்துக்கொண்டு, "இப்ப அமுக்கு" என்றார். அமுக்கினேன். அவர் கையோடு சேர்ந்து கண்ணாடி முனகிக்கொண்டே இறங்கியது. ஏற்றினோம், இறக்கினோம், முனகல் நின்றது.

அண்ணி திறந்த ஜன்னலில் கையை ஊன்றி நின்றார்.

"எங்கம்மா செத்தது இதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவருக்குத் தெரியாதா என்ன? என் வாயால் கேட்க வேண்டியிருந்தது போல.

"பின்னாடிதான் அண்ணி."

தலையை ஆட்டிக்கொண்டார். அந்தச் சோப்புத் துண்டாலேயே கையைக் கழுவினார், வெகுநேரம் கழுவினார். நான்தான் குழாயடியில் நின்று அழுதேன். பிறகு அவர் அட்டையை எடுத்து மாட்டினார், நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"மனுஷனா நீ? பிளக்கப் புடுங்கி வச்சிட்டு மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு எங்க எல்லாரையும் நிக்க வச்சு நாடகம் ஆடியிருக்க!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அது வெளியே வந்த பிறகாவது வெட்கப்பட வேண்டாமா? அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது, அவ்வளவுதான்.

"யார் கதவத் தொறந்தது? கிளிப் எதுவும் ஒடையலயே?"

"கிளிப்பா? அண்ணா, கிளிப்பா கேக்கற?"

"கத்தாத. வாந்தில ஆசிட் இருக்கு தெரியுமா? அன்னைக்கு வழிஞ்ச எடத்துல பெயின்ட் பொரிஞ்சு போச்சு. சொன்னா இவ கேப்பாளா? அதான் கழட்டி வச்சேன். கெடுதல் பண்ணணும்னா பண்ணேன்?"

"அவங்கம்மா மொகத்தக்கூட பாக்க விடலயேடா பாவி!"

"செத்தவங்களப் பாத்து என்ன ஆகப் போகுது" என்றான்.

இப்படிச் சொன்னவன் என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவன். கையில் தட்டு இருந்தது. எறியாமல் கீழே வைத்ததற்கு நானே என்னைப் பாராட்டிக்கொள்ள வேண்டும். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நானும் வரேன் மலைக்கு" என்றார்.

"வாயேன். அதான் இப்ப வேலை செய்யுதுல்ல" என்றான் அண்ணன், ஏதோ அவன் வரம் கொடுத்தது போல.

விடியும்போதே மருமகனிடமிருந்து போன் வந்தது. வலி கண்டுவிட்டதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். அரக்கப்பரக்கக் கிளம்பினோம். அண்ணி முன்னால், நான் அவருக்குப் பின்னால். அண்ணி மடியில் ஒரு துணிப்பை.

தெருமுனை திரும்பியதும் அண்ணி கண்ணாடியை இறக்கினார். ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவில் எல்லாக் கண்ணாடிக்கும் பொத்தான் உண்டு. அண்ணன் அங்கிருந்து ஏற்றினான்.

"ஊர் தாண்டட்டும். தூசி."

ஊர் தாண்டியது. அண்ணி இறக்கினார், அவன் ஏற்றினான்.

"லாரி பொகை."

மறுபடி இறக்கினார். மறுபடி ஏற்றினான். விளிம்பில் இருந்த அவர் விரல் சிக்கப் பார்த்தது. "கைய எடு, மாட்டிக்கும்" என்றான். கடைசியில் மற்றவர்களின் பொத்தான்கள் வேலை செய்யாமல் பூட்டுகிற ஒன்றையும் அமுக்கிவிட்டான். மலை அடிவாரம் வருவதற்குள் அண்ணியின் கழுத்தெல்லாம் வேர்வை, முகம் வெளிறிவிட்டது, பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்திருந்தார். நான் பின்னாலிருந்து கத்திய கத்தலுக்கு ஒரு கல் கரைந்திருக்கும்.

"இதுக்குத்தான் நீ வராதன்னேன்" என்றான் அவன்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. வண்டியை நிறுத்தி இறங்கினான். ஏசி ஓட வேண்டும், இல்லாவிட்டால் சீட் சூடாகிவிடும் என்று சாவியை வண்டியிலேயே விட்டுப் போனான். பெண்டாட்டி வெளிறிக் கிடக்கிறார், இவனுக்குச் சீட் சூடாகக் கூடாது.

"நாத்தனாரே, எனக்கு ஒரு சோடா வாங்கிட்டு வா. அவசரம் இல்ல, மெதுவா வா" என்றார் அண்ணி.

கடையில் கூட்டம். சோடாவோடு திரும்பியபோது அவர் பக்கத்துக் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. டிக்கியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தத் தட்டைத் தகட்டைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பைக்குள் தையல் மிஷினின் பாபின் டப்பா திறந்திருந்தது. அதில் பாபின்களோடு கைப்பிடியின் ஸ்க்ரூக்களும் கிடந்தன. நேற்று அட்டையைக் கிளிப்பில் மட்டும் மாட்டியிருக்கிறார். அப்போதே அவருக்கு அண்ணனைத் தெரிந்திருக்கிறது. நான் சோடாவை நீட்டினேன்.

அண்ணன் வந்தான், பொத்தானை அமுக்கினான். கண்ணாடி வரவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினான்.

"என்னாச்சு? இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்துச்சு?"

அதற்குள் மருமகனின் போன். "எங்க இருக்கீங்க? அம்மா அம்மான்னு கத்திக்கிட்டே இருக்கா" என்றார். அண்ணன் வண்டியை எடுத்தான்.

மலைக்காற்று உள்ளே புகுந்தது. இரண்டு வளைவு திரும்பவில்லை, அண்ணிக்கு முகத்தில் நிறம் திரும்பிவிட்டது. பிளாஸ்டிக் பையை மடித்துப் பையில் வைத்தார். பட்டாணி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

பாதி மலையில் மழை பிடித்தது. மலை மழை, சாய்ந்து அடித்தது. அண்ணியின் தோள் நனைந்தது, சீட் நனைந்தது, கதவு அட்டை நனைந்தது, பின்னால் என் மடியும் நனைந்தது. அண்ணன் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினான்.

"ஏத்து! கண்ணாடிய ஏத்துடி! சீட்டெல்லாம் போச்சு!"

அண்ணி அவன் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"மோட்டார் எரிஞ்சு போச்சுங்க. பழைய வண்டி. பார்ட்ஸ் கிடைக்காது."

அண்ணனுக்குப் புரிய ஒரு வளைவு பிடித்தது. புரிந்ததும் பிரேக்கை மிதித்தான்.

"என்ன பண்ணி வச்சிருக்க? எறங்கு. இப்பவே சரி பண்ணு. இல்ல, வண்டியத் திருப்பறேன்."

"திருப்புங்க. பின்னாடி பஸ் வருது. கைய நீட்டினா நிப்பாட்டுவான். நனைஞ்ச சேலையோட நடுரோட்டுல பஸ் ஏறறேன், ஊரே பாக்கட்டும். மாப்பிள்ளை கேட்டா, சீட் நனையுதுன்னு உங்க மாமனார் திரும்பிப் போயிட்டார்னு சொல்றேன்."

இவ்வளவு வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அண்ணன் கியரைப் போட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் அவன் முதலில் கைக்குட்டையை எடுத்துச் சீட்டைத்தான் துடைத்தான். அண்ணி கதவைத் திறந்து, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். சேலை முந்தானையைப் பிழிந்தார்.

"அந்த பிளக்க எங்க விட்டுத் தொலைச்ச?" என்றான் அண்ணன்.

"உள்ளதான் இருக்கு. டிக்கில இருந்த உங்க டேப்பாலதான் சுத்தியிருக்கேன். உங்கள மாதிரியே வால் விட்டிருக்கேன், பிரிக்கறது சுலபம்."

மேல்மாடியிலிருந்து மகளின் குரல் கேட்டது. அண்ணி படியில் இரண்டிரண்டாக ஏறிப் போனார்.